வாளி மாஸ்டர் ஆடிய அரையிறுதி

ரவுண்டு நடக்கும்போது மூலையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று குத்துச்சண்டை விதிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய மகராசன் யாரோ தெரியவில்லை. தான் வளர்த்த பிள்ளை பத்தடி தூரத்தில் அடி வாங்குவதை அவர் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். மூன்று நிமிடம் கத்தக் கூடாது, கை காட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. அப்புறம் ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்துக்குள் முக்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அதையும் அடக்கிவிட்டு, மிச்சம் இருக்கிற பதினைந்து விநாடியில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். இது என்னய்யா நியாயம் என்று கேட்டால், எல்லோருக்கும் இதே நியாயம்தான் என்பார்கள்.

இந்த விதியை வைத்தே பிழைத்து, கடைசியில் இந்த விதியிலேயே வசமாக மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. தொழிலில் எல்லோரும் அவரை வாளி மாஸ்டர் என்பார்கள்.

இளம் வயதில் அவரும் ரிங்கில் இறங்கியவர்தான். பகலில் அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை, விடிகாலையில் ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் பயிற்சி. எழுபத்தோரு பந்தயம் ஆடினார். எழுபத்தொன்றாவதில் வலது கை எலும்பு உடைந்தது, அது சரியாகக் கூடவே இல்லை. வேறு யாராவதாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் அடுத்த வாரமே தன் தம்பியின் கைக்குப் பட்டை சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

தம்பி கெட்டிக்கார ஆட்டக்காரன், ஆனால் களைத்துப்போனால் இடது கையைத் தாழ்த்திவிடுவான். ஒரு பெரிய பந்தயத்தில் அப்படித் தாழ்த்த, மூலையில் இருந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "கையத் தூக்குடா" என்று கத்திவிட்டார். நடுவர் எச்சரித்தார். மறுபடி கத்தினார், மறுபடி எச்சரிக்கை. மூன்றாம் தடவை அவரைக் கூடத்தை விட்டே வெளியேற்றினார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் தம்பி கடைசி ரவுண்டைத் தனியாக ஆடித் தோற்றான். "எதிராளி என்னை அடிச்சதைவிட எங்க அண்ணன் அடிச்சதுதான் அதிகம்" என்று அன்றைக்குச் சொன்னதை அவன் அப்புறம் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் வாளி. மூலையில் தண்ணீர் வாளி வைத்துக்கொள்ள எந்த விதியும் தடை சொல்லவில்லை. மாஸ்டர் பிளாஸ்டிக் வாளியைத் தள்ளிவிட்டுத் தகர வாளி வாங்கினார். விரல் கணுவால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் விலகிப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டு, உள்ளே புகுந்து அடி. கம்பிக் கைப்பிடியைத் தூக்கி டங்கென்று விழவைத்தால், இடது கை இறங்கிவிட்டது, தூக்கு. பார்க்கிறவர்களுக்கு, பாவம், மனுஷன் பஞ்சைத் தேடுகிறார் என்றுதான் தோன்றும். தலையில் மாட்டும் ஹெட்கார்டு காதை மூடியிருந்தாலும், கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தினாலும், தகரச் சத்தம் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். ஒரு போட்டி அதிகாரிக்குச் சந்தேகம் வந்து வாளிக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே தண்ணீரும் பஞ்சும் தன் முகமும் தவிர ஒன்றும் தெரியாமல் போய்விட்டார். இது திருட்டுத்தனம் இல்லையா என்றால், கொஞ்சம் திருட்டுத்தனம்தான். யார் இல்லையென்றார்கள்?

தம்பி ஆட்டத்தை நிறுத்தியபின் அண்ணனுக்குத் துணையாக அதே மாடிக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய ஒரே பெண்ணும் பத்து வயதில் அப்பாவின் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டாள். வீட்டில் அவளுக்குச் சின்னக்குட்டி என்று பெயர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். மாஸ்டருக்குப் பிள்ளை இல்லை. பெற்றது ஒரு ஜோடி, வளர்த்தது இரண்டு ஜோடி என்று மாஸ்டரின் மனைவி வேடிக்கையாகச் சொல்வாள். சின்னக்குட்டிக்கு அப்பாவின் வேகம் வந்திருந்தது. அப்பாவின் இடது கையும் அப்படியே வந்திருந்தது. பதினான்கு வருஷம் மாஸ்டர் அந்தக் கைக்காகக் கைப்பிடியைத் தூக்கித் தூக்கிப் போட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்து, மற்ற நாட்டு ரிங்குகள் வரைக்கும் போட்டார். ஆட்டத்தில் நினைப்பே இல்லாமல் அந்தச் சத்தத்துக்குக் கை மேலே போகிற அளவுக்கு அது அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

இவ்வளவு செய்தவருக்கு நாட்டு அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்ததா? அதுதான் இல்லை. யாரோ ஒரு பெரிய மனுஷரின் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்த மச்சானுக்குக் கைப் பட்டையை எந்த விரலில் ஆரம்பிப்பது என்றே தெரியாது. மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த மாதமே வேறொரு நாட்டிலிருந்து, எங்கள் பெண்கள் அணிக்கு வருகிறீர்களா என்று கடிதம் வந்தது. போகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டார்.

தம்பி வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "வீட்டுப் பொண்ணை விட்டுட்டு, எவன் பொண்ணுக்கோ வாளி தூக்கப் போறியா?"

மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. போன இடத்தில் மனைவியை அழைத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அவள்தான், இந்த வீட்டில் ஒரு ஆளாவது எல்லோரிடமும் பேச வேண்டும் என்று தங்கிவிட்டாள்.

புது நாட்டில் மொழி தெரியாது. பாதிச் சொல், பாதிக் கை ஜாடை. முதல் வேலையாகப் பாத்திரக் கடைக்குப் போய், ஏழு வாளிகளைக் காதருகே தூக்கிப் பிடித்துத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றை வாங்கினார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பத்திரமான தூரத்தில் நின்றுகொண்டார். மொழி வராத இடத்தில் வாளி பேசியது. புது அணிப் பெண்கள் ஆறே மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருத்தி தபால்காரி. நிஜமாகவே தபால்காரிதான். மேடும் பள்ளமுமான தெருக்களில் காலை முழுக்க சைக்கிளில் கடிதம் போடுவாள், சாயங்காலம் பயிற்சிக்கு வருவாள். நெட்டையான பெண். சிரிக்க மாட்டாள், அதிகம் பேசவும் மாட்டாள். பயிற்சியில் ஒன்றைச் சொன்னால் வாங்கிக்கொண்டு, மறுநாள் அதைச் சுத்தமாகச் செய்து காட்டுவாள். மாஸ்டர் அவளுக்கென்றே ஓர் அடி சொல்லிக் கொடுத்திருந்தார். இடது கையால் இரண்டு தடவை வயிற்றுக்குக் குத்து, மூன்றாவதும் வயிற்றுக்குத்தான் என்று நம்பவைத்து எதிராளியைக் குனியவை, அந்த இமைப்பில் வலது கை மேலாக வந்து தாடையில் இறங்க வேண்டும். ஒன்றரை வருஷம் அதையே அரைத்து அரைத்து, அவள் கையில் அது சுத்தமாக வந்துவிட்டது.

உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்றுக்கு அணி கிளம்பியது. அறுபது கிலோ எடைப் பிரிவில் இறுதிக்குப் போகிற இரண்டு பேருக்கு உலகப் போட்டியில் இடம். அதை விட்டால் மூன்று மாதம் கழித்துக் கடைசியாக ஒரு சுற்று, அதில் ஒரே ஒருத்திக்குத்தான் இடம். தபால்காரி இரண்டு பந்தயம் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தாள். மறுநாள் யாரோடு யார் என்ற தாளைச் சுவரில் ஒட்டினார்கள். தாளில் தபால்காரிக்கு எதிரே சின்னக்குட்டியின் பெயர் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே, பயிற்சியாளர் என்ற இடத்தில், அந்த மச்சானின் பெயர் இல்லை, தம்பியின் பெயர்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். துடைத்தால் மாறிவிடுமா என்ன.

துணைப் பயிற்சியாளன் பக்கத்தில் வந்து நின்றான். அந்த நாட்டுக்காரன், பழைய ஆட்டக்காரன், கை நீளமாக இருப்பதால் எல்லோரும் அவனை நீளக்கை என்பார்கள். "உங்க சொந்தக்காரப் பொண்ணாமே" என்றான். "நாளைக்கு ஒரு பந்தயத்துக்கு மட்டும் நான் முன்னாடி உட்காரட்டுமா? நீங்க மேல கேலரியில இருங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்த தம்பியின் கேள்விக்கு இங்கே எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம், அதைப் போய் விடுவதா என்று ஒரு வீம்பு வந்தது.

"சொந்தம் வேற, தொழில் வேற" என்றார். "நான்தான் உட்காருவேன்."

தபால்காரியும் அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க என் பக்கம்தானே இருப்பீங்க?"

"வேற எங்கம்மா இருப்பேன்?"

காலையில் மனைவியிடமிருந்து போன் வந்தது. "யாருக்காக வேண்டிக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள். "சின்னக்குட்டி நம்ம பொண்ணு. ஆனா நீங்க அந்தப் பொண்ணு கூட நிக்கிறதா ஒத்துக்கிட்டா, முழுசா நில்லுங்க. பாதி இங்க, பாதி அங்கன்னு நிக்காதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார். அந்த எரிச்சலோடுதான் தபால்காரியின் கைக்குப் பட்டை சுற்றினார். சுற்றியது சரியில்லை என்று அவருக்கே பட்டு, பிரித்து மறுபடி சுற்றினார்.

பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. தபால்காரிக்குச் சிவப்பு மூலை, சின்னக்குட்டிக்கு நீல மூலை. மாஸ்டர் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர் மூலையில் தம்பி தெரிந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவன் காலடியிலும் ஒரு தகர வாளி இருந்தது, விளிம்பு நசுங்கிய பழைய பட்டறை மாடி வாளி. மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்தும், பாருங்கள், அந்தப் பெரிய மண்டைக்கு உறைக்கவில்லை. எதிராளியின் எடை, உயரம், கடைசி ஐந்து பந்தயத்தின் வீடியோ என்று எல்லாவற்றையும் அலசியவர், இரண்டு பெண்களுக்கும் ஒரே பாஷையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பதை யோசிக்கவே இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் வராத மறதி.

மணி அடித்தது. சின்னக்குட்டி எப்போதும்போல் குனிந்து புயலாக வந்தாள். மாஸ்டர் பஞ்சைத் தேடுவதுபோல் குனிந்து ஒரு தட்டு தட்டினார்.

தபால்காரி விலகினாள். பாதி வழியில் வந்துகொண்டிருந்த சின்னக்குட்டியும் அதே நொடியில் சடக்கென்று பின்னால் குதித்து விலகினாள். ரிங்கின் நடுவில் ஒருவரும் இல்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நடுவர் இருவரையும் பார்த்து, சண்டை போடுங்கள் என்று கை காட்டினார்.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். தம்பியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் தம்பி எப்போதும் பொறுமை இல்லாதவன். அடுத்த நிமிடமே தன் பெண்ணை உள்ளே அனுப்ப இரண்டு தட்டு தட்டினான். அதைக் கேட்டு தபால்காரி, எட்டி நின்று ஜெயிக்க வேண்டிய நெட்டைப் பெண், நேராக உள்ளே பாய்ந்தாள். சின்னக்குட்டி பக்கவாட்டில் வளைத்து வீசிய கொக்கி அடி அவள் விலாவில் விழுந்த சத்தம் மூலை வரைக்கும் கேட்டது. தன் சத்தம் எதிராளிக்கும் போகிறது என்று புரிந்து, தம்பியும் கையை வாளியிலிருந்து எடுத்துவிட்டான். முதல் ரவுண்டு சின்னக்குட்டிக்கு என்று பலகையில் வந்தது.

தபால்காரி முக்காலியில் வந்து விழுந்தாள். மூச்சு இரைத்தது. மாஸ்டர் அவள் வாயில் தண்ணீரை ஊற்றினார்.

"வாளிச் சத்தம் எது வந்தாலும் காதுல போட்டுக்காதே" என்றார்.

"நீங்க தட்டினாலுமா?"

"நான் தட்டவே மாட்டேன். இது சத்தியம். நீயா பாத்து ஆடு. எட்டி நில்லு, இடது கையால குத்திக்கிட்டே இரு."

அவள் தலையாட்டினாள். அவள்தான் ஒன்றைச் சொன்னால் வாங்கிக்கொள்கிறவள் ஆயிற்றே. இரண்டாவது ரவுண்டில் வாளி இருக்கிற திசையையே மறந்துவிட்டாள். மாஸ்டர் வாளியைக் காலால் பின்னே தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தபால்காரியின் இடது கை போய்ப் போய் வந்தது. சின்னக்குட்டியால் நெருங்க முடியவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொரு குத்தும் விழ விழ மாஸ்டர் உள்ளுக்குள் சபாஷ் போட்டார், கூடவே பல்லையும் கடித்தார். இரண்டாவது ரவுண்டு தபால்காரிக்கு.

கணக்கு சமம். இனி மூன்றே நிமிடம். தபால்காரியின் முகத்தை மாஸ்டர் துடைத்துக்கொண்டிருக்கும்போது நீளக்கை அவர் காதோரம் குனிந்தான்.

"மாஸ்டர், நீங்க ரெண்டு தட்டு தட்டுங்க. அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு உள்ளே வருவா. நம்ம பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடலாம், வலது கையை வெச்சுக்கிட்டு நிக்கட்டும். பந்தயம் முடிஞ்சது."

"அது திருட்டு."

"இத்தனை வருஷமா நீங்க பண்றது மட்டும் என்னவாம்?"

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "என் பிள்ளைக்கு நான் தட்டுறது வேற. அடுத்தவன் பிள்ளையக் குழியில இறக்கத் தட்டுறது வேற. போய் உட்காரு."

தபால்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்க் கவசத்தைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். எதிர் மூலையில் தம்பி தன் பெண்ணின் காதில் அவசர அவசரமாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னவென்று மாஸ்டருக்குத் தெரியும். தான் இந்தப் பக்கம் சொன்ன அதே விஷயம்தான்.

மூன்றாவது ரவுண்டை மாஸ்டர் எப்படி உட்கார்ந்து பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இரண்டு பெண்களும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தி வாங்கினால் உடனே கொடுத்தாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் போயிற்று. இன்னும் நாற்பது விநாடி. சின்னக்குட்டிக்குக் களைப்பு தட்டிவிட்டது மாஸ்டருக்குத் தெரிந்தது. தோள் லேசாக இறங்கும், வாய் ஒருபக்கம் கோணும், பதினான்கு வருஷமாகப் பார்த்த அடையாளம். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நடந்தது. இடது கை நழுவிக் கீழே வந்தது.

தபால்காரியும் அதைப் பார்த்துவிட்டாள். வயிற்றுக்கு ஒரு குத்து. வயிற்றுக்கு இன்னொரு குத்து. சின்னக்குட்டி குனிந்தாள். தபால்காரியின் வலது தோள் பின்னால் போயிற்று.

ஒன்றரை வருஷம் தான் அரைத்துக் கொடுத்த அடி. அது எவ்வளவு வேகமாக வரும், எங்கே இறங்கும், வாங்கியவள் எப்படி விழுவாள் என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். இத்தனைக்கும் இது அவருக்குக் கிடைக்க வேண்டிய நிமிடம். இந்த ஒரு அடி விழுந்தால் தபால்காரி உலகப் போட்டிக்குப் போகிறாள், தம்பியின் கேள்விக்குப் பதில் சொன்னதாகிறது, வீம்பு ஜெயிக்கிறது. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தத் தாழ்ந்த கையும், அதற்குமேல் மூடாமல் இருந்த தாடையும், வாய் கோணிய அந்த முகமும்தான். தொடைக்கடியில் இருந்த கை எப்போது வெளியே வந்தது, பின்னே தள்ளியிருந்த வாளியை எப்படி எட்டியது, தெரியாது.

டங்.

தபால்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னால் கேட்கிறவள். அவள் வலது கை வந்தது, சுத்தமாக வந்தது. சின்னக்குட்டியின் இடது கை அதற்கு ஒரு இமைப்பு முன்னால் மேலே போயிருந்தது. அடி கையுறையில் பட்டுச் சறுக்கியது. முழு பலத்தையும் அதில் போட்டிருந்த தபால்காரி தடுமாறி முன்னால் வர, சின்னக்குட்டி வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று என்று இரண்டு அடி கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது.

கை தானாகப் போயிற்று என்று சொல்லி மாஸ்டர் தப்பித்துக்கொள்ளலாம். மற்றவர்களிடம் சொன்னால் நம்பவும் செய்வார்கள். அவருக்குத் தெரியும், கைப்பிடியைத் தூக்கிய பிறகு அதைச் சத்தம் போடாமல் மெல்ல வைக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. துளி நேரம்தான். ஆனால் இருந்தது.

மதிப்பெண் போடும் ஐந்து நடுவர்களில் மூன்று பேர் நீலம், இரண்டு பேர் சிவப்பு. ரிங் நடுவர் சின்னக்குட்டியின் கையைத் தூக்கினார். தபால்காரியின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பாதிக் கூட்டம் கைதட்டியது, பாதி ஊளையிட்டது.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டக்காரர் எதிர் மூலைக்குப் போய்ப் பயிற்சியாளருக்கு மரியாதை சொல்வது குத்துச்சண்டையில் வழக்கம். சின்னக்குட்டி கயிற்றோரம் வந்தாள். ஹெட்கார்டைக் கழற்றியிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"பெரியப்பா, வாளிச் சத்தத்தைக் கேக்காதேன்னு அப்பா சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றாள் வீட்டுப் பேச்சில். "ஆனா அந்தச் சத்தம் வந்ததும் கை தானா மேல போயிடுச்சு. இல்லைன்னா நான் விழுந்திருப்பேன்."

மாஸ்டர் அவள் கையுறையைப் பிடித்து அமுக்கினார். "போம்மா, தண்ணி குடி" என்றார்.

தபால்காரி பக்கத்தில்தான் நின்றாள். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாது. முகத்தைப் பார்த்தால் புரியாமலா போகும்? "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

நீ நன்றாக ஆடினாய் என்று சொன்னாள் எனச் சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மாஸ்டர் வாயைத் திறந்தார். நீளக்கை முக்காலியைத் தூக்கிக்கொண்டு நின்று அவரையே பார்த்தான். "உள்ள போய்ச் சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

உடை மாற்றும் அறைக்குப் போகிற நீண்ட நடையில் தம்பி காத்திருந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு "அண்ணே" என்றான். வந்து கட்டிக்கொண்டான். அவன் உடம்பு குலுங்கியது. "எனக்குக் கேட்டுச்சுண்ணே. நான் அந்தக் கை இறங்கினதைப் பாக்கவே இல்ல. நீ பாத்துட்டே."

மூன்று வருஷமாக மாஸ்டர் ஏங்கிக்கிடந்த சொல் அது. அவன் கூப்பிடமாட்டானா என்று எத்தனை நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது வந்தது, அனுபவிக்க முடியவில்லை. தம்பியின் தோளுக்கு மேலாக அறைக் கதவு பாதி திறந்து தெரிந்தது. உள்ளே பெஞ்சில் தபால்காரி கையில் பட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். "விடுடா. அந்தப் பொண்ணு அங்க தனியா இருக்கா" என்று தம்பியை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

நீளக்கையும் பின்னால் வந்து கதவோரம் நின்றான். மாஸ்டர் அவனைப் போகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த பாதி மொழியில், சுற்றி வளைக்காமல் சொன்னார். "கடைசியில அந்தப் பொண்ணு கை மேல போச்சே, அது நான் தட்டினதால போச்சு."

தபால்காரி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குன்னு தட்டினீங்களா?"

"இல்லம்மா. அவளுக்கு."

"தட்ட மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் கேக்கவே இல்ல. நீங்க சொன்னதால அந்தச் சத்தத்தையே நான் கேக்கல."

"ஆமாம்மா."

வெளியே அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். மாஸ்டர் திட்டை எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டார். அவள் குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"நாளைக்கே நீங்க வேற நாட்டுக்குப் போயிடுறீங்கன்னு வைங்க. எனக்கு எதிர் மூலையில உட்கார்ந்திருக்கீங்க. நான் விழப்போறேன். எனக்குத் தட்டுவீங்களா?"

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "தட்டுவேன்" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவருக்கே உறைத்தது, கண் கலங்கிவிட்டது.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் தபால்காரி. "அதனாலதான் சொல்றேன். மூணு மாசத்துல இன்னொரு சுத்து இருக்கு, ஒரே ஒரு இடம். அங்கயும் எதிர் மூலையில நீங்க முன்னாடி பழக்கிவிட்ட பொண்ணு யாராவது நிக்கலாம். எனக்கு என் ஒருத்திக்கு மட்டும் தட்டுற ஆள் வேணும்." கதவோரம் நின்றவனைக் காட்டினாள். "அவர் உட்காரட்டும்."

நீளக்கை தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் வாதாட ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினார். அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை.

"நியாயம்தான்" என்றார்.

தபால்காரி இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்து, மணிக்கட்டிலிருந்து பட்டையை வெட்டிப் பிரித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.